வழக்கு இல்லாதவன்

ஜனவரி 9

அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள். நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் மாமாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

இங்கே முகாமுக்குள் ஒரு சிறை. முன்பு தானியக் கிடங்காக இருந்ததாம். ஒரே கூடத்தில் எழுபத்திரண்டு பேர். நிவாரண அமைப்புக்காரர்கள் மாதம் ஒருமுறை வந்து ஆளுக்கு ஒரு தாள் கொடுக்கிறார்கள். எழுதியதை இங்கே ஒருவர் படிப்பார், அங்கே ஒருவர் படிப்பார், அப்புறம்தான் நீ படிப்பாய். இடது கணுக்கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி நலம்.

விஷயம் இதுதான். பக்கத்துப் படுக்கை நெட்டையனை அவன் நாட்டு அதிகாரிகள் போன வாரம் வந்து அழைத்துப் போனார்கள். கையில் விலங்கு, தலையில் துணி. அவன் சிரித்துக்கொண்டே போனான். விலங்கு மாட்டிய ஒருவனைப் பார்த்து எழுபத்தோரு பேர் பொறாமைப்பட்டோம். சொந்த நாடு கேட்டு வாங்கிக்கொள்ளாதவர்களை அடுத்த வருஷம் பிறந்ததும் இந்த நாட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிடுவார்களாம். அங்கே ஒரு வழக்கு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். தீர்ப்பு எல்லாருக்கும் ஒன்றுதான்.

நான் அந்த ஆயுதக் குழுவிடம் கதவு, பூட்டு வேலை மட்டும்தான் பார்த்தேன். நம் தெருமுனைக் கடையில் பார்த்த அதே வேலை. இதை அதிகாரிகளிடம் சொல். என்னை வந்து கூட்டிப் போகச் சொல். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

உட்காரச் சொல்லி எழுதியிருந்தாய். கடையில், மூக்குக் கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே படித்தேன். யாரோ ஒருவரின் இடது கண் கண்ணாடி பாழாய்ப் போனது. ஐந்து வருஷமாகச் செத்தாயா பிழைத்தாயா என்று தெரியாமல் கிடந்தவளுக்கு, ‘மற்றபடி நலம்’ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? உன்னை நாலு அறை அறைய வேண்டும். அதற்காகவாவது நீ வந்து சேர வேண்டும். இங்கே உன் மாமாவுக்கு ரத்த அழுத்தம், எனக்குக் கோபம். மற்றபடி நலம்.

மறுநாளே விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடியில் நீளமான தாழ்வாரம், ஒரே ஒரு பெஞ்சு. டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். முதல் நாள் அதிகாரி வரவில்லை. இரண்டாம் நாள் வந்தார், கோப்பு வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டும் வந்தன. உன் கோப்பு ரொம்ப மெலிசு. அதைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது யார் கையெழுத்தும்மா?”

“என்னுதுதான் சார்.”

நீ போன ஆறாம் மாதம் போலீஸ் வீட்டுக்கு வந்தபோது, நான் தெருத்தெருவாக அலைந்து வாங்கிய தாள் அது. ‘இவர் ஒழுக்கமானவர், வெளிநாட்டுக்கு வேலைக்காகவே சென்றார், எந்தத் தீவிரவாதக் கும்பலோடும் இவருக்குத் தொடர்பில்லை’ என்று பதினான்கு பேர். தையல்கடை அண்ணன், பேக்கரிக்காரர், உன் கணக்கு வாத்தியார் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அதை வைத்துக்கொண்டு ‘குற்றம் ஏதுமில்லை’ என்று கோப்பை மூடிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை. தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்று உன் மாமாவிடம் பீற்றிக்கொண்டேன்.

“குத்தமே இல்லாதவரை நாங்க எப்படிம்மா கைது பண்ணிக் கூட்டிட்டு வர்றது?” என்றார் அதிகாரி.

“அப்ப கைது பண்ணாமக் கூட்டிட்டு வாங்க சார்.”

“அது நடக்காது. அங்கேர்ந்து வர்ற ஆளை இறங்கின உடனே கோர்ட்ல நிறுத்தணும். நிறுத்தறதுக்கு வழக்கு வேணும். வழக்கு இல்லாத ஆளைக் கொண்டு வந்தா ஏர்போர்ட் வாசல்லயே விட்டுறணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? மேல ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.”

புரிகிறதா? நீ குற்றவாளி என்றால் ஆள் அனுப்பிக் கூட்டி வருவார்கள். ஒன்றும் செய்யாதவன் என்றால் அங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான். ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். அவரும் இதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக.

ஆகவே கேட்கிறேன். என்ன செய்தாய்? எந்தக் கட்டடம், என்ன கதவு, யாரை அடைக்க? ‘பூட்டு வேலை’ என்று ஒரே வார்த்தையில் முடிக்காதே. காலைத் தொங்கப் போடாமல் உயரத் தூக்கி வைத்துப் படு.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே பாதி உடம்பு தேறிய மாதிரி. மாமாவின் ரத்த அழுத்தத்துக்கு நீதான் காரணம் என்று நினைக்கிறேன். அவரை அதிகம் திட்டாதே.

எனக்கு ஒரு யோசனை. பதினான்கு கையெழுத்து போதவில்லை போலிருக்கிறது. இன்னும் பெரிய ஆட்களாகப் பார்த்து ஓர் ஐம்பது பேரிடம் வாங்கு. நான் பூட்டுப் போட்டுக் கொடுத்த வங்கி மேலாளர் இருக்கிறார், ஆஸ்பத்திரி டாக்டர் இருக்கிறார். நல்லவன் என்று ஐம்பது பேர் சொன்னால் எந்த அரசாங்கமும் அசையாமலா போகும்?

என் பழைய கடையில் இரும்பைக் கவ்விப் பிடிக்க வைத்திருந்த வைஸ் இப்போது யாரிடம் இருக்கிறது? அது பழைய இரும்பு, இந்தக் காலத்தில் அப்படிக் கிடைக்காது. எண்ணெய் போட்டு வை. இங்கே காவலர்களின் பூட்டு ஒன்று சிக்கிக்கொண்டது. கம்பி ஒன்றை வாங்கி, அவர்கள் கண் எதிரிலேயே திறந்து காட்டினேன். அன்றைக்கு எனக்கு இரண்டு ரொட்டி அதிகம். நாம் எங்கே போனாலும் கைத்தொழில் சோறு போடும் அக்கா.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கீல் மாட்டுவது, தாழ்ப்பாள் அடிப்பது, சாவிக்கு அரம் போடுவது. அவ்வளவுதான்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் நலம். நீ நலமில்லை, உன் மூளையைச் சொல்கிறேன்.

அட மடையா! நல்லவன் என்ற கையெழுத்துதான் உன்னை அங்கே பூட்டி வைத்திருக்கிறது. நீ இன்னும் ஐம்பது கேட்கிறாய். நான் இப்போது அலைவது போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறச் சொல்லி. தையல்கடை அண்ணன் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

“நல்லவன்னு சொல்லி ஒரு தடவை போட்டேன். இப்ப இல்ல, கெட்டவன்தான்னு இன்னொரு தடவை போடணுமா? என் கையெழுத்துக்கு என்னம்மா மரியாதை?”

“அவன் உயிரோட வரணும்னா இதுதான் வழிண்ணே.”

“அவன் என்ன பண்ணினான், அதைச் சொல்லு. தெரிஞ்சா போடறேன்.”

தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பேக்கரிக்காரர் கடைக்குள்ளேயே விடவில்லை. வாத்தியார் இறந்துவிட்டார், அவர் கையெழுத்தை யார் திரும்பப் பெறுவது? வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்றில் ஒன்று வேண்டும். பார்த்த சாட்சி, கையில் பிடிக்கிற மாதிரி ஓர் ஆதாரம், இல்லையென்றால் உன் வாயால் நீயே சொல்வது. கீல் மாட்டினேன், தாழ்ப்பாள் அடித்தேன் என்றால் எந்தக் கதவுக்கு? தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா? பூட்டுக்காரன் நீ, இந்தக் கேள்வியின் வித்தியாசம் உனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம் இருக்கிறது. அதை இந்தத் தாளில் நான் எழுதப் போவதில்லை. நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன். உன் வைஸ் என் கட்டிலுக்கடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

போன மாதம் தாள் கொடுக்கவில்லை. கால் வீக்கம் முட்டி வரைக்கும் ஏறியிருக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார், எதற்கு என்று சொல்லவில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.

அது ஒரு பள்ளிக்கூடம். பதினோரு வகுப்பறை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். சாமான் வைக்கிற அறை என்று சொன்னார்கள். சொன்னதைச் செய்தேன். இங்கே வெயில் அதிகம். கூடத்தில் இப்போது நாற்பது பேர்தான். மற்றவர்களை அவர்கள் நாடு கூட்டிக்கொண்டது.

தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

உன் கால் எப்படி இருக்கிறது? மாத்திரையின் பேரை அடுத்த கடிதத்தில் எழுது, விசாரிக்கிறேன்.

சாமான் வைக்கிற அறையா? இதைப் படிக்கும் ஐயாமார்களே, நீங்களும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் பழைய போன் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதில் இவன் முதல் வருஷம் பேசி அனுப்பிய ஏழு குரல் செய்திகள் இருக்கின்றன. போலீஸ் வந்து கேட்டபோது இவனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். பொய். அழிக்கவும் மனசு வரவில்லை, அது என் தம்பியின் குரல். ஐந்து வருஷம் அதைத் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

மூன்றாவது செய்தி. “அக்கா, பதினோரு கதவு, எல்லாம் வெளித் தாழ்ப்பாள். உள்ள இருபது பேருக்கு மேல இருக்கானுங்க. தலைகீழா நின்னாலும் ஒருத்தனும் வெளிய வர முடியாது. நம்ம கைவேலைய நீ பாக்கணுமே!” அப்புறம் உன் சிரிப்பு. சின்ன வயதில் பரீட்சையில் பாஸானால் சிரிப்பாயே, அதே சிரிப்பு. உன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாழ்வாரப் பெஞ்சில் என்னோடு ஓர் அம்மா உட்காருவார். மருந்துக்கடை வைத்திருக்கிறார். குறுக்கெழுத்துப் போடுவார், தெரியாததை என்னிடம் கேட்பார், பிஸ்கட் கொடுப்பார். “இந்த பெஞ்சுக்கு நாம ரெண்டு பேரும் வாடகை குடுக்கணும்” என்று சிரிப்பார். நாலு மாதமாக அவர் என் தோழி மாதிரி. யாருக்காக வருகிறீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை அவரே சொன்னார். கணவர் நிவாரண வேலைக்குப் போன என்ஜினீயர், ஆழ்துளைக் கிணறு போடப் போனவர். பிடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்துவிட்டார்களாம். கட்டடம் தீப்பிடித்தபோது யாரும் கதவைத் திறக்கவில்லை. இருபத்து மூன்று பேர். ஐந்து வருஷமாக வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். ‘விசாரிக்க ஆள் கிடைக்கவில்லை’ என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார்கள்.

நான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் யாரென்று சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

ஒரே கேள்வி. அன்றைக்குச் சாவி யாரிடம் இருந்தது?

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. என்னைத் தூக்கில் போடத்தான் அந்தப் போனை ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தாயா? அதை அடுப்பில் போடு. வாய்ச் சவடால் விட்டதெல்லாம் ஆதாரமா? உன்னிடம் பெருமையடித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் அடித்துக்கொள்வேன்? அம்மா போகும்போது என்னை உன் கையில்தானே பிடித்துக் கொடுத்தாள். நீ இரண்டு பேர் படிக்கிற தாளில் என்னைக் காட்டிக் கொடுக்கிறாய்.

சாவி காவல்காரனிடம் இருந்தது. எழுதி வைத்துக்கொள். என்னிடம் இருந்தது உபரிச் சாவிக் கொத்துதான். உபரியை யாரும் எடுக்கக் கூடாது என்பது அங்கே உத்தரவு. ஆகவே என்மேல் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவிடம் என்னைப் பற்றிப் பேசாதே. இனி எழுதவும் வேண்டாம்.


செப்டம்பர் 10

தம்பிக்கு,

எழுதாதே என்று நீ சொன்னால் நான் நிறுத்திவிடுவேனா? என்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? மாமா சுகம். நான் சுகமில்லை.

உபரிச் சாவியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. நீயாகத்தான் எழுதினாய். அது உனக்கு விடுதலை என்று நினைத்துக்கொண்டு எழுதினாய். உன் தொழில் புத்தி உன்னை விட்டு எங்கே போகும்? எந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி கூடுதலாகப் போட்டு வைக்காமல் நீ தூங்கினதில்லை. ஆக, இடுப்பில் பதினோரு சாவியோடு நீ அங்கே இருந்திருக்கிறாய்.

மருந்துக்கடை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதே பெஞ்சில் வைத்து, “அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டவன் என் தம்பி” என்றேன். அவர் பேனாவுக்கு மூடி போட்டார், குறுக்கெழுத்தை மடித்தார், படியிறங்கிப் போய்விட்டார். இரண்டு வாரம் வரவில்லை. நான் டோக்கன் வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் வந்து பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார்.

“உங்க தம்பி அங்க சாகக் கூடாது” என்றார், என்னைப் பார்க்காமல். “அவரும் செத்துட்டா, என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தாருன்னு சொல்ல ஆளே இல்ல.”

அன்றைக்கே புகார் மனுவில் கையெழுத்துப் போட்டார். போனை நான் ஒப்படைத்தேன், உன் கடிதங்களையும் சேர்த்து. ஐந்து மணி நேரம் கேள்வி. அன்று பொய் சொன்னதற்காக என்மேலும் தனியாக ஒரு வழக்கு வரும் என்றார்கள். வரட்டும். நம் வீட்டில் வழக்கில்லாதவர் இனி உன் மாமா மட்டும்தான்.

இவ்வளவும் செய்தால் காரியம் முடிந்துவிட்டதா? இல்லை. குரல் உன்னுடையதுதானா என்று நிரூபிக்க வேண்டுமாம். உன் வேறு குரல் பதிவு அவர்களிடம் இல்லையாம். கடிதங்களில் சம்பவமே இல்லையாம், வெறும் தாழ்ப்பாளும் உபரிச் சாவியும்தான் இருக்கிறதாம். “இது பத்தாதும்மா” என்று கோப்பை மூடினார். முன்பு நல்லவன் என்று பதினான்கு பேர் சொன்னதை ஒரே நாளில் நம்பினார்கள். இன்றைக்குக் கூடப் பிறந்தவளே வந்து சொல்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறார்கள். தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

ஒன்று மட்டும் தெரிந்துகொள். உன்னை விடுவிக்க நான் இதைச் செய்யவில்லை. நீ வர வேண்டும், கூண்டில் நிற்க வேண்டும், தண்டனை வாங்க வேண்டும், பஸ் ஏறினால் அரைமணியில் வந்து பார்க்கிற ஒரு ஜெயிலில் உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அக்கா


அக்டோபர் 12

தம்பிக்கு,

பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு முடியவில்லையா, பிடிவாதமா? இரண்டாவதாக இருக்கட்டும்.

யாரைக் கூட்டி வருவது என்று முடிவு செய்கிற குழு நவம்பர் கடைசியில் ஒரே ஒருமுறை கூடுகிறது. அதற்குள் உன் கையால் எழுதியது வந்தால் பட்டியலில் சேர்ப்பார்கள். வராவிட்டால் கோப்பு திரும்ப அலமாரிக்குப் போகும். ஜனவரியில் உன்னை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

உன்னை ஏமாற்றி எழுத வைத்தேன் என்று இருக்கக் கூடாது. அதனால் வக்கீலம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதினால் அது நீதிமன்றத்தில் உனக்கு எதிராகப் படிக்கப்படும். பதினைந்து இருபது வருஷம் உள்ளே இருக்க நேரலாம். எழுதாமல் இருப்பது உன் உரிமை. படித்துவிட்டு நீயே முடிவு செய்.

நேற்று உன்னைக் கனவில் அறைந்தேன். கை வலித்தது.

அக்கா


நவம்பர் 3

அக்காவுக்கும், அக்காவுக்கு முன்னால் இதைப் படிப்பவர்களுக்கும்,

நான் சுயநினைவோடு, யாரும் மிரட்டாமல், என் கையால் எழுதுகிறேன். கால் இப்போது மரத்துப் போய்விட்டது, அதனால் வலி இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஆட்கள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். மூன்றாவது அறையில் நம் மொழி பேசுகிற ஒருவர் இருந்தார். நான் தாழ்ப்பாள் அடிக்கும்போது என் வாயில் வந்த கெட்ட வார்த்தையைக் கேட்டு, “தம்பி, நம்ம ஆளா நீங்க?” என்றார். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் கழன்றிருந்தது. கொடுத்தார். உட்கார்ந்து கம்பி வைத்து முறுக்கிச் சரிசெய்து கொடுத்தேன். “உங்களுக்குக் கைராசி” என்றார். கிணறு தோண்ட வந்ததாகச் சொன்னார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

தீப்பிடித்தது பதினேழு நாள் கழித்து, காலை நேரம். பக்கத்தில் குண்டு விழுந்து சமையலறைப் பக்கம் எரிந்தது. காவல்காரன் சாவியோடு ஓடிப்போனான். நான் எதிர்ச் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். என் இடுப்பில் பதினோரு சாவி. உபரியை எடுக்கக் கூடாது என்பது உத்தரவு என்று உனக்கு எழுதினேன். உத்தரவு இருந்தது. ஆனால் அன்றைக்கு அங்கே உத்தரவு போட ஒருத்தரும் இல்லை. இங்கே எல்லாரிடமும் என் தலைக்கு நேரே துப்பாக்கி நீட்டினார்கள் என்று சொல்லி வருகிறேன். யாரும் நீட்டவில்லை. பிறகு அவர்கள் வந்து கேட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

ஒரு கதவுக்கு இருபது விநாடி. ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், நாலு நிமிஷம் கூட ஆகாது. தீ அந்தப் பக்கம் வர அரைமணி ஆனது. அத்தனை நேரமும் கதவைத் தட்டினார்கள். மூன்றாவது அறைக்காரர் நம் மொழியில் கத்தினார். என்னைத்தான் கூப்பிட்டார். பேர் தெரியாததால் “தம்பி, தம்பி” என்று கூப்பிட்டார். நான் ஒரு கதவைக்கூடத் திறக்கவில்லை.

உன்னிடம் பெருமையாகப் பேசிய குரலும் என்னுடையதுதான். இது போதுமா என்று அதிகாரியிடம் கேள். போதாவிட்டால் இன்னும் கேட்கச் சொல், எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

நீ அனுப்பியது நவம்பர் இருபத்தேழாம் தேதி, குழு கூடுவதற்கு முதல் நாள்தான் அதிகாரி கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் இந்த அலுவலகத்தில் அதை ஒரு வாரம் தவறான மேஜையில் வைத்திருந்தார்கள். நான் கத்திய கத்தலில் கீழ்த்தளத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போதும்” என்றார். பத்து மாதம் ஏறி இறங்கிக் கேட்காத வார்த்தை. கேட்டதும் எனக்கு உடனே அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

மருந்துக்கடை அம்மாவுக்கும் படிக்கக் கொடுத்தார்கள். கண்ணாடிக் கால் பற்றிய இடத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். “எப்பவும் கழண்டுக்கிட்டேதான் இருக்கும். புதுசு வாங்குங்கன்னா கேக்க மாட்டார்” என்றார். மிச்சத்தை அன்றைக்குப் படிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, நின்றுகொண்டே படித்து முடித்தார். தாளை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார். நான் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. உன்னை மன்னிப்பது என் வேலையில்லை, எனக்கு மன்னிக்கவும் முடியவில்லை. நீ என் தம்பி என்பதும் மாறவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

போன திங்கட்கிழமை உன்னை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது நான் வாசலில்தான் நின்றிருந்தேன். தலையில் துணி போட்டிருந்தார்கள். வேனிலிருந்து மூன்று பேரை இறக்கினார்கள். இரண்டாவது ஆள் காலை இழுத்து நடந்தான். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். “இவரா?” என்றார். “ஆமா” என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னை வைத்திருக்கும் ஜெயில், நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் என் கடைக்கு அடுத்து இரண்டாவது நிறுத்தம். அரைமணி என்று கேட்டேன், இருபது நிமிஷத்திலேயே கொடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மனு எழுதிக்கொண்டு, உன் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார்.

“நீங்க இந்த வழக்குல முதல் சாட்சிம்மா. அரசுத் தரப்பு சாட்சி குற்றவாளியைப் பாக்கக் கூடாது. பேசக் கூடாது. கடிதமும் கூடாது.”

“எதுவரைக்கும் சார்?”

“சாட்சி சொல்லி முடிக்கிறவரைக்கும்.”

“எப்ப சொல்லணும்?”

“தேதி போடுவாங்க. ரெண்டு வருஷம் ஆகும், மூணும் ஆகலாம்.”

மாமா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அவர்மேல் தப்பில்லை. உன்னைக் கொண்டுவந்ததே என் சாட்சிதான், அது கெட்டுப் போனால் வழக்கே கெட்டுப் போகும் என்று வக்கீலம்மா போனில் சொன்னார். மருந்துக்கடை அம்மாவுக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான். ஆகவே வர மாட்டேன். மாமா வருவார். அவரை அதிகம் பேச வைக்காதே.

சாட்சி சம்மனில் நாளைக் காலை கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் இதை வக்கீலம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் திட்டுவார், திட்டட்டும். அதற்குப் பிறகு உன்னை நேரில் பார்ப்பது கூண்டிலிருந்துதான். அங்கே அவர்கள் கேட்பதற்கு மட்டும்தான் நான் பதில் சொல்லலாமாம். நானாக உன்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாதாம். அதனால் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

நல்லா இருக்கியாடா?

அக்கா